சினேகா உதவி எண்: இரண்டு முறை பயன்படுத்தியவன் எழுதுவது

தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் போன் போட்டுப் பேசுவதற்கான அமைப்பு சினேகா. நான் முதல் முறை போன் போட்டது 1997-இல். அப்போதெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் மாலைப் பேப்பரில் வரும், பாஸானவர்களின் நம்பர் மட்டும். எனக்கு முந்தின நம்பர் இருந்தது, அடுத்த நம்பரும் இருந்தது. லஸ் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எப்போதோ எழுதி வைத்திருந்த எண்ணைப் போட்டேன்.

எடுத்தது ஒரு அம்மா. பெயர் கேட்கவில்லை, மார்க்கும் கேட்கவில்லை. என்னை "நீங்க" என்றார். வீட்டிலும் பள்ளியிலும் "டா" மட்டுமே கேட்டு வளர்ந்த பதினேழு வயசுப் பையனுக்கு அதுவே விசித்திரமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நேராகவே கேட்டார்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" ஆமாம் என்றேன். அவர் பதறவில்லை. "சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஓட அழுதபடி பேசினேன். 8 ரூபாய் சொச்சம் ஆனது. பஸ்ஸுக்குக் காசு இல்லை. சைதாப்பேட்டை வரை நடந்தேன். நடக்க முடிந்தது என்பதுதான் விஷயம்.

இங்கே தீர்வு கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போன் போடாதீர்கள். "நான் இப்ப என்ன செய்யணும்?" என்று அன்றைக்கு இரண்டு முறை கேட்டேன். பதிலுக்கு நான் என்ன நினைக்கிறேன் என்று அவர் கேட்டார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. அது அவர்களுடைய முறை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1986-இல் சினேகாவைச் சென்னையில் தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ஆனால் போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்.

இந்த வழக்கத்தின் வேர் லண்டனில் இருக்கிறது. 1953 நவம்பரில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று தன் தேவாலயத்திலேயே ஒரு போனை வைத்தார். ஆலோசனை சொல்லப்போவது தான்தான் என்று நினைத்திருந்தார். நேரில் வந்து காத்திருந்தவர்களுக்கு உதவியாளர்கள் டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக உட்கார்ந்தார்கள். பலர் பாதிரியாரைப் பார்க்காமலேயே மனப்பாரம் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருஷமே வேலையை அந்த டீ கொடுத்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. தன் வேலை போனதில் சந்தோஷப்பட்ட மனிதர் அவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது முறை 2011. அக்கா பையன் பிளஸ் டூ பிசிக்ஸில் ஃபெயிலாகிவிட்டான். என் காலத்தில் மார்ச்சில் தோற்றால் அக்டோபர் அட்டெம்ப்ட்தான். அதற்குள் கல்லூரி அட்மிஷன் முடிந்து ஒரு வருஷம் போய்விடும். இவனுக்கு உடனே துணைத்தேர்வு வந்தது. எழுதினான், அதே வருஷம் பி.காம். சேர்ந்தான். தோற்ற பிள்ளைகளுக்கு அந்த வருஷமே மறுவாய்ப்பு வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தியவர்களில் சினேகாவும் உண்டு என்று அப்புறம் படித்தேன். போனில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற அந்த ஒரு வருஷத்தையே பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மார்க்கில் பாதி இதற்குத்தான்.

எண் 044-24640050. இது தவிர அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது. 2022-இல் வந்தது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ஒன்று மட்டும். பிள்ளையிடம் எண்ணை எழுதிக் கொடுத்தால் போட மாட்டான். அக்கா பையனுக்கு நானே போட்டு, ரிங் போனதும் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து மேலே ஏறி வந்து, "மாமா, பசிக்குது" என்றான்.