மார்கழிக் குளிருக்கு எந்த மலை: நீலகிரியா, பழனி மலையா?

மார்கழி பிறந்தால் போதும், "ஊட்டி போலாமா, கொடைக்கானல் போலாமா?" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். மதுரை, திருச்சி, ஈரோடு, கோவை என்று எங்கிருந்து வண்டியை எடுத்தாலும் ஊட்டி இருக்கும் நீலகிரியும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரும் எட்டும் தூரம்தான். ஆனால் பெரும்பாலானோர் மே மாத ஊட்டியையும் மே மாதக் கொடைக்கானலையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். ஊட்டி மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடப்பது. கொடைக்கானல் பேரிக்காயும் பிளம்ஸும் மார்கழிக்கு முன்பே முடிந்திருக்கும். குளிர்காலத்தில் இந்த மலைகளிடம் இருக்கும் சரக்கே வேறு. அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறைபனியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் நீலகிரிதான், அதில் பேச்சுக்கே இடமில்லை. மற்றபடி சொந்த வண்டியில் மூன்று நாள் ஊர் சுற்றுவதற்குப் பழனி மலையைத்தான் சொல்வேன். அதுவும் கொடைக்கானல் டவுனை மையமாக வைத்து அல்ல. தாண்டிக்குடி வழியாக ஏறி மன்னவனூர் வரை போவதாக இருந்தால்.

முதலில் மழையைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை கிறிஸ்துமஸில் வருகிறது என்பதற்காக எல்லோரும் டிசம்பரைப் பிடித்துக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழை அதுவரை முழுதாக ஓய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பழனி மலைக்கு இதுதான் முக்கியமான மழை. நீலகிரியிலும் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூர், கோத்தகிரி பக்கம் இந்த மழைதான் மண்ணைச் சரிக்கும். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் டிசம்பர் முதல் பாதியில் எந்த மலையையும் நான் சொல்ல மாட்டேன். பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, தை இரண்டாவது வாரத்திலிருந்து மாசி தொடக்கம் வரை உள்ள வாரநாட்கள்தான் இரண்டு மலைக்கும் நல்ல நேரம். வானம் தெளிவாக இருக்கும், சாலை காய்ந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

குளிரில் ஜெயிப்பது நீலகிரி

உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். ஆனால் உறைபனி என்று வந்தால் நீலகிரியின் திறந்த புல்வெளிப் பள்ளங்களுக்கு ஈடு கிடையாது. முதலில் நீர்ப்பனி இறங்கும். மழை விட்டு மேகம் விலகிய பிறகு உறைபனி. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை எல்லாம் விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா உச்சியில் போய் உறைபனியைத் தேடுவதில் அர்த்தமில்லை. தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் தாழ்வான இடங்களில்தான் அது கிடக்கும்.

தலைக்குந்தாவில் காலை ஆறரை மணிக்கு இறங்கி நின்று பாருங்கள். ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் பொடி உப்பு தூவியதுபோல் வெள்ளை ஒட்டியிருக்கும். செருப்புக்கால் வைத்தால் நறநறவென்று நொறுங்கும். ராத்திரி வெளியில் நின்ற பைக்கின் சீட்டை விரல் நகத்தால் சுரண்டினால் பனி சுருள் சுருளாக வரும். காரின் முன்கண்ணாடியிலும் அப்படித்தான். அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். இன்ஜினை ஓடவிட்டு, சூடான காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். எட்டு மணி வெயில் பட்டதும் புல்வெளி முழுவதும் வெறும் ஈரமாகிவிடும். ஹோட்டலில் டிபன் முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு உறைபனி கிடைக்காது.

நமக்கு அழகாகத் தெரிவது அங்கே விவசாயிக்கு நஷ்டம். உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும். கருகிய தோட்டம் மறுபடி துளிர்க்கும்வரை பறிப்பு இல்லை, வரும்படியும் இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளை மிலார் செடிகளால் மூடிக் காப்பாற்றுகிறார்கள். அதனால் படம் எடுப்பதற்காகத் தோட்டத்துக்குள் இறங்கி மிதிப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதே குளிரில் ஒரு நல்லதும் உண்டு. பனியில் கருகாமல் மெதுவாக வளரும் கொழுந்துக்கு மணம் அதிகம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பறித்துச் செய்யும் தேயிலையை 'ஃபிராஸ்ட் டீ' என்று விற்கிறார்கள். குன்னூரில் கேட்டு வாங்குங்கள். பால் ஊற்றாமல் குடித்தால்தான் அதன் அருமை தெரியும். கூடவே மொறுமொறுப்பான பிஸ்கட்டான ஊட்டி வர்க்கி.

கொடைக்கானலிலும் உறைபனி உண்டு. ஏரியை ஒட்டிய ஜிம்கானா, கீழ்பூமி, பாம்பார்புரம் பகுதிகளில் ஜனவரியில் சில நாட்கள் புல் வெளுத்துக் கிடக்கும். ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்ப முடியாது. கொடைக்கானலின் குளிர்காலம் என்பது விடியற்காலையில் ஏரிமேல் எழும் ஆவியும், கோக்கர்ஸ் வாக்கிலிருந்து பெரியகுளம் பக்கத்துச் சமவெளி துல்லியமாகத் தெரியும் அந்த ஒன்றிரண்டு மணி நேரமும்தான். பிறகு மூடுபனி ஏறிவிடும்.

பாதையில் ஜெயிப்பது பழனி மலை

நீலகிரிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு வழி. கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பஸ், லாரி, காய்கறி வண்டி எல்லாம் அதில்தான். கோத்தகிரி வழியில் போக்குவரத்து குறைவு, ஓட்டவும் சுகம். ஏறுவதற்கு நான் கோத்தகிரியைத்தான் சொல்வேன். ஊட்டியைத் தாண்டி மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதை 36 வளைவுகள் கொண்ட செங்குத்துச் சரிவு. வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அதில் இறங்க அனுமதி இல்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறவர்கள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாலை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

உண்மையில் நீலகிரியின் மிகச் சிறந்த பாதை தார்ச் சாலையே அல்ல, ரயில் பாதை. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்தது. 46 கிலோமீட்டர், செங்குத்தான பகுதியில் பல்சக்கரத்தால் பல்வைத்த தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் ரயில். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இடம் கிடைத்தால் காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு அதில் ஏறிவிடுங்கள். ஆனால் அப்போது அது கார் பயணமாக இருக்காது.

பழனி மலையில் பயணமே பாதைதான். எல்லோரும் போவது வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் பிரிந்து, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று ஏறும் பெரிய சாலை. பழனியிலிருந்து சவரிக்காடு வழியாகச் சுமார் 65 கிலோமீட்டரில் இன்னொன்று. மேற்கு மாவட்டத்துக்காரர்களுக்கு அதுதான் வசதி. இரண்டையும் விட்டுவிட்டு, குளிர்காலத்தில் மூன்றாவதைப் பிடியுங்கள்: பட்டிவீரன்பட்டி, சித்தரேவு தாண்டிப் பெரும்பாறை ஏறி, தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாக ஊத்தில் போய்ச் சேர்வது. குறுகலான சாலை. எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். நேரமும் கூடத்தான் ஆகும். ஆனால் இந்தப் பாதை முழுக்கக் காப்பித் தோட்டம், குளிர்காலம்தான் அங்கே அறுவடைக் காலம்.

நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை காப்பிப் பழம் எடுப்பு நடக்கும். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காய்கள் கலந்து நிற்க, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்ட பெண்கள் சிவந்ததை மட்டும் திருகி எடுப்பார்கள். பச்சையைத் தொட்டால் காப்பியின் ருசி கெடும். தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு பழத்தை வாயில் போட்டுப் பாருங்கள். மேல்தோலுக்குள் மெல்லிய வழுவழுப்பான இனிப்பு, உள்ளே இரண்டு கொட்டை. சாயங்காலம் பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓடும் இடத்தில் உரித்த தோலின் புளித்த வாசனை சாலை வரைக்கும் வரும். ஊர்களில் வீட்டு வாசல், களம் என்று எங்கே வெயில் படுகிறதோ அங்கெல்லாம் கொட்டை காய்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் வண்டிச் சக்கரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊடே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விருப்பாச்சி மலைவாழை இந்தச் சரிவுகளில் விளைவதுதான். தாண்டிக்குடியில் முருகன் கோயில் மலைக்கு ஏறினால் இவ்வளவும் ஒரே பார்வையில் கிடைக்கும். பழங்காலத்தில் இறந்தவர்களுக்காகக் கல்லால் எழுப்பிய கற்திட்டைகளும் அந்தப் பக்கம் இருக்கின்றன.

மறுநாள் கொடைக்கானல் டவுனில் நிற்காமல் மேற்கே போய்விடுங்கள். பூம்பாறை படிக்கட்டு வயல்களைச் சாலை வளைவிலிருந்து பார்க்கலாம். ஊருக்குள் இறங்கி குழந்தை வேலப்பர் கோயிலும் பார்க்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இங்கேதான் வாங்க வேண்டும். பல் சின்னது, காரம் அதிகம். அங்கிருந்து மன்னவனூர். மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்து ஆடுகள் மேயும் புல்வெளியும் ஏரியும். தெம்பு இருந்தால் கிளாவரை வரை போகலாம். சாலை அங்கே முடிந்துவிடும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அதற்காக ஒரு காலை நேரத்தை இழக்க எனக்கு மனமில்லை.

நீலகிரியில் இந்த மாதிரி ஒரு நாளைக் கேட்டால் நான் கோத்தகிரியைக் காட்டுவேன். கோடநாடு காட்சிமுனையிலிருந்து கீழே மாயாறு. கன்னேரிமுக்கில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனின் பழைய பங்களா. மார்கழி, தை வாக்கில் நீலகிரியில் வாழும் படுகர் இன மக்களின் எத்தையம்மன் திருவிழா வரும். பேரகணி ஊருக்கு ஆணும் பெண்ணும் வெள்ளை உடுத்தி ஆயிரக்கணக்கில் வருவார்கள். அது அவர்கள் வீட்டு விசேஷம். மரியாதையோடு ஓரமாக நின்று பார்க்க வேண்டும்.

தங்குவதும் மற்றதும்

வயதானவர்கள், கைக்குழந்தை கூட வந்தால் நீலகிரிதான் வசதி. குன்னூர் சுமார் 1,850 மீட்டர்தான். ஊட்டி அளவுக்குக் குளிர் வாட்டாது. கோத்தகிரியிலோ குன்னூரிலோ தங்கிக்கொண்டு, உறைபனிக்காக ஒரே ஒரு ராத்திரி மட்டும் ஊட்டியில் படுத்தால் போதும். பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் தோட்ட வீடுகள் இருக்கின்றன. முன்கூட்டியே சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள், ராத்திரியில் கடை தேடினால் கிடைக்காது. எந்த மலையானாலும் அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டினால் அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவில் தூக்கத்திலேயே உயிர் போய்விடலாம். இன்னொரு கம்பளி கேளுங்கள், கொடுப்பார்கள்.

2024 மே 7 முதல் இரண்டு மலைக்கும் இ-பாஸ் வேண்டும். கிளம்புவதற்கு முன் ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, வீட்டுச் சொம்போ எவர்சில்வர் பாட்டிலோ எடுத்துப்போங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு முதலிடம் விடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், நியூட்ரலில் விடாதீர்கள். அந்தி சாய்ந்தால் காட்டுமாடு சாலைக்கு வரும். ஹாரன் அடிக்காமல், இன்ஜினை ஓடவிட்டு நின்றால் தானாக விலகும்.

பழனி மலையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனிச் சாலை முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள் நடப்பார்கள், ராத்திரியிலும். அந்த வாரம் பழனி வழியாக இறங்க வேண்டாம். பகலிலேயே காட்ரோடு வழியாக வத்தலக்குண்டுக்கு வந்துவிடுங்கள். திண்டுக்கல்லுக்கு மேற்கே போகத்தான் வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்து, டிம் லைட்டில், நடப்பவர்களுக்கு இடம் விட்டுப் போங்கள்.