விரல் வேகமா, கண் வேகமா?

கணக்கும் வேண்டாம், சொல்வளமும் வேண்டாம். ஒரு விளக்கையும் பொத்தானையும் வைத்தே அறிவுத்திறனைத் தொட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை பழையது. 1880களிலேயே லண்டனில் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் பார்வையாளர்களின் எதிர்வினை நேரத்தை, அதாவது ஒன்றை உணர்ந்ததும் செயல்பட ஆகும் நேரத்தை, அளந்தார்.

பின்னாளில் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் பயன்படுத்திய பெட்டியில், அரைவட்டமாக எட்டு விளக்குகள் இருக்கும். விரல் தொடக்கப் பொத்தானை அழுத்தியபடி காத்திருக்கும். ஒரு விளக்கு எரிந்ததும் விரலை எடுத்து அதை அணைக்க வேண்டும். விரல் எழும் வரையிலான நேரம் தனி, நகரும் நேரம் தனி. விளக்குகள் இரட்டிக்கும்போதெல்லாம் முடிவெடுக்கும் நேரம் ஏறத்தாழ ஒரே அளவு கூடும். இது 1952இல் உளவியலாளர் ஹிக் கண்ட விதி.

1970களில் உளவியலாளர்கள் விக்கர்ஸ், நெட்டல்பெக் முதலியோர் கொண்டுவந்த சோதனையில் அவசரமே இல்லை. நீளம் வேறுபட்ட இரு செங்குத்துக் கோடுகள் திரையில் மின்னும். உடனே வேறோர் உருவம் அவற்றை மூடிவிடும். எது நீளம்? ஆற அமரச் சொல்லலாம். கோடுகள் எவ்வளவு குறைந்த நேரம் தெரிந்தால் ஒருவர் ஏறத்தாழப் பிழையின்றிச் சொல்கிறார் என்பதே அளவுகோல்.

இரண்டிலுமே வேகமானவர்கள் நுண்ணறிவுத் தேர்வில் சற்று அதிக மதிப்பெண் பெறுகிறார்கள், தொடர்பு மிதமானதுதான். இதை வைத்து ஒருவரை எடைபோடுவது அபத்தம்.

எனக்குப் பிடித்தது கோட்டுச் சோதனை. கைப்பழக்கமும், 'வேகமா, பிழையின்மையா' என்ற தடுமாற்றமும் அதில் குறுக்கிடுவதில்லை. ஆனால் மூடும் உருவம் வரும்போது கோடு அசைவதுபோல் தெரிவதைச் சிலர் கண்டுகொண்டு, அதையே துப்பாக வைத்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரத்தனம் அங்கேயும் புகுந்துவிடுகிறது!