சிகாகோவிலிருந்து பசிபிக் வரை: மூன்று ரயில்களில் எதில் ஏறுவது?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களும், ஒரு மாத விடுமுறையில் அந்த நாட்டைச் சுற்ற நினைப்பவர்களும் அடிக்கடி கேட்பது இது: இத்தனை பெரிய தேசத்தை மேகத்துக்கு மேலேயே தாண்டிவிட்டால் என்னத்தைப் பார்த்ததாகக் கணக்கு? ரயிலில் போக வழி இல்லையா?

நல்ல வழியே இருக்கிறது. நேரமும் பணமும் மிச்சமாகும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். சிகாகோவிலிருந்து மேற்குக் கரைக்கு விமானத்தில் நாலு மணி நேரம் சொச்சம். ரயிலில் இரண்டு இரவுகள். டிக்கெட்டும் பல சமயம் விமானத்தைவிட அதிகம். நாட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால்தான் இந்தப் பயணத்துக்கு அர்த்தம்.

அங்கே நெடுந்தூரப் பயணிகள் ரயில்களை நடத்துவது ஆம்ட்ராக். 1971 மே 1-ஆம் தேதி ஓடத் தொடங்கிய நிறுவனம். சிகாகோவிலிருந்து பசிபிக் கரைக்கு அது தினமும் மூன்று ரயில்களை அனுப்புகிறது. கலிபோர்னியா ஜெஃபர், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எமரிவில் வரை சுமார் 3,900 கி.மீ. போகிறது. எம்பயர் பில்டர், சியாட்டிலுக்கும் போர்ட்லேண்டுக்கும். சவுத்வெஸ்ட் சீஃப், லாஸ் ஏஞ்சலிஸுக்கு. டெக்சாஸ் வழியாக நான்காவது பாதை ஒன்றும் உண்டு. அந்த வழியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மேற்குக் கரைக்கு வண்டி என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றிலும் ஓடுவது ஒரே ரக இரண்டடுக்குப் பெட்டிகள். இருக்கை, சாப்பாடு, கூரை வரை கண்ணாடி போட்ட லவுஞ்ச் பெட்டி, எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பயண நேரம்கூட 43 மணி முதல் 52 மணிக்குள். பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கால அட்டவணையைக் கையில் எடுத்து, எந்த ஊரில் விடிகிறது, எந்த ஊரில் இருட்டுகிறது என்று பாருங்கள். பாதி நாடு இரவில்தான் கடந்து போகும். எந்தப் பாதி என்பதில்தான் இந்த மூன்றுக்கும் வித்தியாசம்.

ஜெஃபர்: மலைகள் இரண்டும் பகலில்

சிகாகோவில் மதியம் இரண்டு மணிவாக்கில் கிளம்புகிறது. மாலைக்குள் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டிவிடும். நெப்ராஸ்காவின் சமவெளி முழுவதும் நாம் தூங்கும்போது போய்விடும். காலையில் கண் விழித்தால் டென்வர், எதிரே ராக்கி மலைத்தொடர்.

அதன் பிறகு நாள் முழுக்கக் கண்ணை எடுக்க முடியாது. டென்வரை விட்டதும் வளைந்து வளைந்து ஏறி, 1928-இல் திறந்த மொஃபட் குகைக்குள் நுழைகிறது. நீளம் பத்து கிலோமீட்டர். குகைக்குள் பாதை தொடும் உச்சி 9,239 அடி. ஆம்ட்ராக் ரயில்கள் போகும் இடங்களிலேயே அதுதான் உயரம். மறுபக்கம் இறங்கினால் கொலராடோ ஆறு கூடவே வரத் தொடங்கும். சில மணி நேரம் அதை விட்டுப் பிரிவதே இல்லை. கோர் பள்ளத்தாக்குப் பகுதியில் சாலையே கிடையாது. ஆறும் தண்டவாளமும் மட்டும்தான். க்ளென்வுட் ஸ்பிரிங்ஸுக்கு மதியம் இரண்டு மணி சுமாருக்கு வரும். கிராண்ட் ஜங்ஷன் தாண்டி யூட்டாவின் செம்மண் பாலைவனத்தில் பொழுது சாயும்.

இரண்டாம் இரவில் நெவாடா பாலைவனம் போய்விடும். மூன்றாம் நாள் காலை ரெனோ; அங்கிருந்து சியரா நெவாடா மலை. டோனர் ஏரி மேற்கே போகும்போது வலது பக்கம், மிகக் கீழே தெரியும். இந்த மலைப்பாதை முதல் கண்டம் தாண்டிய ரயில் பாதையின் ஒரு பகுதி. அந்தப் பாதை 1869 மே 10 அன்று யூட்டாவில் இணைந்து முடிந்தது. இந்தப் பாறைகளை உடைத்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள், ஆயிரக்கணக்கில். பனிச்சரிவிலும் வெடிவிபத்திலும் மாண்டவர்கள் எத்தனையோ பேர். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தச் சரிவுகளைப் பார்க்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது, நினைக்கவும் வேண்டும்.

இந்த ரயிலின் பெரிய பலம், தாமதம் அதை அதிகம் கெடுப்பதில்லை என்பதுதான். மலை வழி காலையில் தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் பிந்தி வந்தாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். கிழக்கு நோக்கி வந்தாலும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான்: முதல் நாள் பகலில் சியரா, மறுநாள் பகலில் ராக்கி. நேரத்தோடு ஓடினால் குளிர்காலத்திலும் பெரும்பகுதி பகலிலேயே கடந்துவிடும். பனி மூடிய மலையைப் பார்க்க அது தனி அழகு.

எம்பயர் பில்டர்: மாதம் பார்த்து ஏற வேண்டிய ரயில்

1929 முதல் ஓடுகிற பெயர் இது. கிரேட் நார்தர்ன் ரயில்வேயைக் கட்டிய ஜேம்ஸ் ஜே. ஹில்லின் பட்டப்பெயர்தான் ரயிலின் பெயர். சிகாகோவை விட்ட மாலையில் மிசிசிப்பிக் கரையோரம் அருமையான இரண்டு மணி நேரம் கிடைக்கும். மறுநாள் பகல் முழுவதும் வடக்கு டகோட்டாவும் மொன்டானாவும்: புல்வெளி, கோதுமை, வானம். சிலருக்கு இது சலிப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை காலி நிலம் ஒரு நாட்டில் இருக்க முடியும் என்பதை அந்த ஒரு பகல் காட்டுகிற மாதிரி எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

ஆனால் எல்லோரும் இதில் ஏறுவது க்ளேசியர் தேசியப் பூங்காவுக்காக. அங்கேதான் சிக்கல். மேற்கே போகும் வண்டி பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டி, 5,213 அடி உயர மரியாஸ் கணவாய் வழியாகப் போவது மாலை ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள். ஜூன், ஜூலையில் அந்த ஊரில் ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும், பிரச்சினை இல்லை. அக்டோபருக்கு அப்புறம் இருட்டில்தான் கடப்பீர்கள். கோடையிலும் இரண்டு மூன்று மணி நேரம் தாமதமானால் போச்சு. குளிர்காலத்தில் இந்தப் பாதையில் போக ஆசை என்றால் சியாட்டிலிலிருந்து கிழக்கு நோக்கி வாருங்கள். அந்தத் திசையில் க்ளேசியர் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே வருகிறது. மேற்கே போகிறவர்களுக்குப் பூங்கா வலது பக்கம், கிழக்கே வருகிறவர்களுக்கு இடது பக்கம்.

இன்னொரு விஷயம். ஸ்போகேனில் நள்ளிரவு தாண்டி ரயில் இரண்டாகப் பிரிகிறது. டைனிங் கார் சியாட்டில் பகுதியோடும், கண்ணாடி லவுஞ்ச் போர்ட்லேண்ட் பகுதியோடும் போய்விடும். கடைசிக் காலையில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கை லவுஞ்சில் உட்கார்ந்து பார்க்க விரும்பினால் போர்ட்லேண்டுக்கு டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து சியாட்டிலுக்கு வேறு ரயில் சுமார் மூன்றரை மணி நேரம்தான்.

வெளிநாட்டவருக்கு ஒரு எச்சரிக்கை: இந்தப் பாதை கனடா எல்லைக்கு அருகே நெடுந்தூரம் ஓடுகிறது. எல்லைக் காவலர்கள் வண்டியில் ஏறி ஆவணம் கேட்கலாம். பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் நகலும் மேல்பையில் இல்லாமல், எழுந்ததும் எடுக்கிற இடத்தில் இருக்கட்டும். மற்ற இரண்டு ரயில்களிலும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்பது வேறு.

சவுத்வெஸ்ட் சீஃப்: இறங்கிப் பார்க்கிறவர்களுக்கு

மூன்றில் வேகமானது இதுதான், 43 மணி நேரம். ஜன்னல் காட்சியில் மட்டும் ஒப்பிட்டால் மூன்றாம் இடம் கொடுப்பேன். கான்சாஸ் இரவில் போகிறது. மறுநாள் காலை 7,588 அடி உயர ராட்டன் கணவாய், பகலில் நியூ மெக்சிகோ, மாலையில் ஆல்புகெர்கி. கேலப் அருகே செம்பாறைக் குன்றுகளில் அந்தி வெயில் விழுவது அழகு. அதற்கப்புறம் அரிசோனா இருட்டில் கழிந்துவிடும்.

ஆனால் இதில் இறங்குகிற ஊர்கள் வேறு எதிலும் இல்லை. ஃபிளாக்ஸ்டாஃபில் இறங்கினால் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சாலை வழியாக சுமார் 130 கி.மீ. லேமியில் இறங்கினால் சான்டா ஃபே அரை மணி நேரம். வழியில் நான்கைந்து நாள் செலவிட முடியும் என்றால், ஜெஃபரைவிட இதைத்தான் சொல்வேன். நேரத்தைப் பற்றி ஒன்று: அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதி கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் அச்சாகியிருக்கும். கைபேசி காட்டும் நேரத்தை நம்பிக் குழம்ப வேண்டாம்.

இருக்கையா, ரூமெட்டா, பாஸா?

நம் ஊர் ரயிலில் பழகியவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: குறைந்த கட்டணத்தில் படுக்கை என்று ஒன்று அங்கே இல்லை. கோச் வகுப்பில் சாய்கிற இருக்கைதான். அகலமானது, காலை நீட்டலாம், கால்தாங்கியும் உண்டு. ஒரு இரவு சமாளிக்கலாம். இரண்டாவது இரவில் இடுப்பு பேச ஆரம்பிக்கும். குளிக்க வசதி கிடையாது.

ரூமெட் என்பது இருவருக்கான சின்ன அறை. எதிரெதிர் இருக்கைகள் இரவில் கீழ்ப்படுக்கை ஆகும்; மேலே ஒரு படுக்கை இறங்கி வரும். அந்த மேல்படுக்கைக்கு ஜன்னல் இல்லை, ஏறுவதும் முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். கழிப்பறை, குளியலறை வெளியே, பொது. அறைக்குள்ளேயே இரண்டும் வேண்டுமானால் பெட்ரூம் என்ற பெரிய அறை; அது இன்னும் விலை. அறை எடுத்தவர்களுக்கு டைனிங் காரில் சாப்பாடு கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். அறைக்கான தொகை அறைக்குத்தான், ஆளுக்கு அல்ல. அதனால் இருவராகப் போனால் வலி குறையும். கட்டணம் நாளுக்கு நாள் மாறும், மாதக்கணக்கில் முன்கூட்டி எடுத்தால் வித்தியாசம் பெரிது. அறுபது தாண்டிய தம்பதி எமரிவில் வரை நிற்காமல் போவதானால் ரூமெட்டுக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம். 65 வயதானால் பயணக் கட்டணத்தில் 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு.

சாப்பாட்டு மேசையில் நாலு பேர் உட்கார வேண்டும் என்பதால் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்து உட்கார வைப்பார்கள். தயங்க வேண்டாம். விவசாயி, ஓய்வுபெற்ற ஆசிரியை, விமானத்துக்குப் பயப்படுகிறவர் என்று ஒரு நாட்டின் மனிதர்களை அங்கேதான் பார்க்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது நல்லது. தேர்வுக்கு அதிகம் இருக்காது.

ஒரே சீட்டில் பல ரயில்களில் ஏறி இறங்க ஆம்ட்ராக் விற்பது யுஎஸ்ஏ ரெயில் பாஸ். விலை 499 டாலர். 30 நாளில் 10 பயணத் துண்டுகள், கோச் இருக்கை மட்டும். துண்டு என்றால் ஒரு வண்டியில் ஏறி இறங்குவது. இணைப்பு பஸ்ஸும் ஒரு துண்டாகவே எண்ணப்படும். ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 50 டாலர் ஆகிறது. அதற்குக் குறைவான கட்டணம் உள்ள குட்டிப் பயணங்களைப் பாஸில் கழிக்காமல், தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள். நேராகப் போய் நேராகத் திரும்புகிறவருக்குப் பாஸ் வீண். இறங்கி ஏறுகிறவருக்கு அதற்கு நிகர் இல்லை. உதாரணமாக இப்படி: நியூயார்க்–சிகாகோ, சிகாகோ–டென்வர், டென்வர்–எமரிவில், எமரிவில்–லாஸ் ஏஞ்சலிஸ், லாஸ் ஏஞ்சலிஸ்–ஃபிளாக்ஸ்டாஃப், ஃபிளாக்ஸ்டாஃப்–லேமி, லேமி–சிகாகோ, சிகாகோ–வாஷிங்டன், வாஷிங்டன்–நியூயார்க். ஒன்பது துண்டு, ஒன்று கையில் மிச்சம். எமரிவில்–லாஸ் ஏஞ்சலிஸுக்கு கோஸ்ட் ஸ்டார்லைட் என்ற பகல் ரயில், சாலையே போகாத கடற்கரையை ஒட்டி நெடுநேரம் ஓடுவது. இதில் எந்த வண்டியிலும் இரண்டு இரவு தொடர்ந்து உட்கார வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். பாஸ் வாங்கிய 120 நாளுக்குள் முதல் பயணம் தொடங்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்பதிவு கட்டாயம், பாஸுக்கான இடம் தீர்ந்துவிடவும் செய்யும். கோடையில் போகிறவர்கள் வாங்கிய அன்றே எல்லாவற்றையும் பதிந்துவிடுங்கள்.

தாமதத்தைக் கணக்கில் சேருங்கள்

மேற்கே தண்டவாளம் ஆம்ட்ராக்குடையது அல்ல. பிஎன்எஸ்எஃப், யூனியன் பசிபிக் போன்ற சரக்கு ரயில் நிறுவனங்களுடையது. பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1973 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒற்றைப் பாதையில் எதிரே வரும் சரக்கு ரயில் ஒதுங்குபாதையைவிட நீளமாக இருந்தால் எந்தச் சட்டமும் அதை உள்ளே தள்ள முடியாது. நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். சில மணி நேரத் தாமதம் சகஜம். அதனால் இறங்குகிற அன்றே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். எமரிவிலிலோ சியாட்டிலிலோ ஒரு இரவு அறை போட்டு, ஊர் திரும்பும் டிக்கெட்டை மறுநாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.