அல்கிளாடா, வயேஹோவா, அலுமினியத் தாளா? மஸ்டாங் மாடலுக்கு எது பொருந்தும்

வெள்ளிநிற விமான மாடல்கள் பெரும்பாலும் சொதப்புவது பெயிண்ட் மட்டமாக இருப்பதால் அல்ல, மூக்கு முதல் வால் வரை ஒரே சில்வரை அடித்துவிடுவதால்தான். எந்த பெயிண்ட் நல்லது என்று கேட்பதற்கு முன், நிஜ விமானத்தில் எது வெறும் உலோகம், எது பூச்சு என்று பார்த்துவிட வேண்டும். 1/48 அளவில் (நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு) ஒரு பி-51டி மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர்விமானத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். இந்த விஷயத்தில் அதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கப் போர்விமானங்கள் ஆலிவ் பச்சைப் பூச்சு இல்லாமல் வெறும் அலுமினியமாகவே தொழிற்சாலையைவிட்டு வந்தன. மஸ்டாங்கின் உடல்பகுதியும் அப்படித்தான். ஆனால் இறக்கை வேறு கதை. அந்த லாமினார் இறக்கையின் மேல் காற்று தடங்கலின்றி வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ரிவெட் தலைகளையும் தகடுகள் சேரும் இடங்களையும் பட்டி பார்த்து, தேய்த்து, மேலே அலுமினியப் பொடி கலந்த லாக்கர் அடித்தார்கள். நம் வீட்டு கேட்டுக்கு அடிக்கிற சில்வர் மாதிரிதான் இருக்கும்: சீராக, கொஞ்சம் மங்கலாக. வாலில் இருக்கும் சுக்கான் துணி போர்த்தியது, அதற்கும் சில்வர் பூச்சுதான். ஆக, ஒரே விமானத்தில் இரண்டு விதமான வெள்ளி. பல மாடல் கிட்டுகளில் இறக்கையிலும் பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் வரிகளை) அழகாக வெட்டிவைத்திருப்பார்கள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவற்றை அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, துகள் அளவு. சாதாரண சில்வரில் ஒரு அலுமினியத் துகள் 30 மைக்ரான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1/48 கணக்கில் அது நிஜ விமானத்தின் மேல் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர் பொட்டு. ஜிகினா தூவியது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். கீழே சொல்லும் அல்கிளாட், வயேஹோ என்ற இரண்டு பிராண்ட் பெயிண்டுகளும் இந்த இடத்தில்தான் மற்ற சில்வர்களைத் தாண்டிப் போகின்றன. இரண்டிலும் நிறமி அவ்வளவு பொடி.

முதலில் அல்கிளாட். இது லாக்கர், தண்ணீர் போல ஓடும். தின்னர் எதுவும் கலக்காமல் நேரே ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் கருவி) ஊற்றலாம். 12 முதல் 15 பி.எஸ்.ஐ அழுத்தம் போதும். கிட்டே வைத்து, பனி படிவது போல மெல்லிய படலங்களாக அடிக்க வேண்டும், நனைய அடித்தால் கதை முடிந்தது. அடுத்த படலத்துக்குச் சில நிமிடங்கள் காத்திருந்தால் போதும். குரோம், பாலிஷ்டு அலுமினியம், ஏர்ஃப்ரேம் அலுமினியம் போன்ற அதிகப் பளபளப்பு நிறங்களுக்கு அடியில் பளபளக்கும் கருப்பு கட்டாயம். டியூராலுமின், ஒயிட் அலுமினியம், டார்க் அலுமினியம் ஆகியவற்றுக்கு வழுவழுப்பான சாம்பல் பிரைமரே போதும். ஆனால் அடிப்பூச்சில் ஒரு முடி அளவு கீறல் இருந்தாலும் அல்கிளாட் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அதனால் நேரமெல்லாம் உப்புத்தாளோடுதான் போகும். பிரைமருக்கு மேல் 2000 நம்பர் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, விரல் நுனியால் தடவினால் எதுவும் தட்டுப்படாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

இதன் பெரிய பலம் மாஸ்கிங், அதாவது டேப் ஒட்டி மறைத்து அடிப்பது. முதலில் உடல் முழுக்க அலுமினியம் அடித்துவிட்டு, சில பேனல்களை மட்டும் தனியாக மறைத்து ஒன்றுக்கு ஒயிட் அலுமினியம், இன்னொன்றுக்கு டியூராலுமின் என்று மாற்றி அடிக்கும்போது டேப்போடு பெயிண்ட் உரிந்து வருவது அரிது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் மட்டுமே தெரிகிற அந்த வித்தியாசம்தான் மாடலுக்கு உயிர். பலவீனம், நாற்றம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடியும், வெளியே காற்றைத் தள்ளும் விசிறியும் வேண்டும். தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத் தபாலிலும் வராது. உள்ளூரில் இருப்பு இல்லையென்றால் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

வயேஹோவின் மெட்டல் கலர் தண்ணீர் சார்ந்த அக்ரிலிக், 32 மில்லி பாட்டில். ஒரு படுக்கையறை வீட்டில், பக்கத்தில் குழந்தை தூங்கும்போதும் அடிக்கத் தகுந்தது. அதற்காக முகமூடியே வேண்டாம் என்று அர்த்தமில்லை, தூசிக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இதன் அலுமினியத்தையும் டார்க் அலுமினியத்தையும் அல்கிளாடுக்குப் பக்கத்தில் வைத்தால், கைநீட்டும் தூரத்திலிருந்து எது எது என்று சொல்வது கஷ்டம். குரோம் மட்டும் பெயரளவில்தான் குரோம், நல்ல பளீர் அலுமினியம் என்று சொல்லலாம். சிறிய உதிரிகளுக்குத் தூரிகையிலும் ஓரளவு ஒழுங்காகப் படியும்.

சிக்கல் இரண்டு. ஏப்ரல் வெயிலில் ஏர்பிரஷ் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். அடிக்கடி முனையைப் பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். அப்புறம் பிடிப்பு: பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல், பிரைமர் சரியாகப் பிடிக்காமல் இருந்தால் மாஸ்கிங் டேப்போடு தோல் உரிகிற மாதிரி வந்துவிடும். ஒரு நாள் முழுக்க விட்டு, டேப்பை இரண்டு மூன்று முறை புறங்கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்த பிறகு போடுவது பாதுகாப்பு.

அலுமினியத் தாள் தனி ரகம். சமையலறைத் தாளை எடுத்து, அதற்கென்றே விற்கும் பசையைத் தடவி, பேனல் பேனலாக ஒட்டி, பஞ்சுக் குச்சியால் தேய்த்துப் படிய வைத்து, புது பிளேடால் பேனல் கோட்டோரம் வெட்டி எடுப்பார்கள். ஒட்டுவதற்கு முன் மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் ஒரே திசையில் தேய்த்துவிட்டால் தகட்டின் இழை தெரியும். அடுத்த பேனலுக்குத் திசையை மாற்றினால் இரண்டும் வெவ்வேறு விதமாக மின்னும். எந்த பெயிண்டாலும் இதை எட்ட முடியாது, ஏனென்றால் இது உலோகமேதான். ஆனால் மஸ்டாங்கின் இறக்கை உடலோடு சேரும் வளைவிலும், மூக்கின் அடித்தாடையிலும் சுருங்கிச் சுருங்கி உயிரை எடுக்கும். பேர்-மெட்டல் ஃபாயில் நிறுவனத்தின் பசையோடு வரும் தாள் இன்னும் மெல்லியது, வளைவுக்குக் கொஞ்சம் இணங்கும். முழு விமானத்துக்கு இதைச் செய்ய என்னிடம் பொறுமை இல்லை. சக்கரக் காலின் பளபளக்கும் பிஸ்டன் தண்டுக்கு மட்டும் ஒரு துண்டு வெட்டிச் சுற்றுவேன்.

ஏர்பிரஷே இல்லையா? தமியாவின் ஏஎஸ்-12 என்ற வெள்ளிநிற ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துவிட்டு அடியுங்கள். பேனல் வித்தியாசம் வராது. ஆனால் பூச்சடித்த மஸ்டாங் இறக்கைக்கு அது கச்சிதம்.

என் தேர்வு கலப்புதான்: உடலுக்கு அல்கிளாட், இறக்கைக்கும் சுக்கானுக்கும் வயேஹோ அலுமினியம். காற்றோட்ட வசதி இல்லாதவர்கள் இரண்டுக்குமே வயேஹோ எடுத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் மாற்றினால் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை. வார்னிஷ் விஷயத்தில் மட்டும் கவனம். பளபளப்பு நிறங்களின் மேல் எதை அடித்தாலும் ஒரு சாம்பல் திரை விழும். உடலின் மேற்பரப்பு ஏற்கெனவே வழுவழுப்பாக இருப்பதால் டெக்கலை (விமானச் சின்னங்கள், எண்கள் அச்சிட்ட ஒட்டுப்படத்தை) நேரே ஒட்டிவிடலாம். வார்னிஷை இறக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே கொஞ்சம் மங்கினால் நிஜத்துக்கு இன்னும் பக்கத்தில்தான் வரும்.