மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பீக்கர்: ஹேண்டில்பாரிலா, ஹெல்மெட்டுக்குள்ளா?

மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட்ஸ் என்பதைத்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் இணையச் சந்தையிலும் கிடைக்கும் ஹேண்டில்பார் ஸ்பீக்கர் பெட்டிகளில் 600 வாட்ஸ், 1000 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனைகளில் கிடைப்பது சுமார் 14 வோல்ட்; அதை உயர்த்திக் கொடுக்கும் தனிச் சுற்று இல்லாத ஓர் ஆம்ப்ளிஃபயர், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒலி சிதையாமல் ஏறத்தாழ 20 வாட்ஸ்தான் தர முடியும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்து 40 வாட்ஸ். பெட்டியின் ஓரத்தில் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கக்கூடிய திறன், என்று சிறிய எழுத்தில் ஓர் எண் இருந்தால், அதுவே கணக்கில் எடுக்கத்தக்கது. அதுவும் இல்லையென்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முன்புறக் கவசம் எதுவும் இல்லாத ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியில், மூன்று அங்குல ஹேண்டில்பார் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றையும், ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் பொருத்திப் பாட்டும் பேச்சும் கேட்க உதவும் கார்டோ பேக்டாக் எட்ஜ் என்ற இன்டர்காமையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நகருக்குள், சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வேகத்தில், ஹேண்டில்பார் ஸ்பீக்கர் நன்றாகவே பாடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் அறுபதைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. கச்சேரிப் பதிவு ஒன்றை ஓடவிட்டால் முதலில் காணாமல் போவது மிருதங்கத்தின் தொப்பி நாதம், அதாவது இடப்பக்கத்தின் தாழ்ந்த ஒலி; வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் மட்டும் டக்டக்கென்று கொஞ்ச தூரம் கூட வருகின்றன; எண்பதில் பாடகர் என்ன ராகம் பாடுகிறார் என்பதையே ஊகிக்க வேண்டியிருக்கிறது. காற்றிரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியில் இருப்பதால், பாட்டிலும் அந்தப் பகுதியைத்தான் அது முதலில் விழுங்குகிறது.

ஒலியைக் கூட்டிவைத்தால் சரியாகிவிடாதா என்றால், ஆகாது. ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. ஆனால் ஒலி மூலத்துக்கும் காதுக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் திறந்தவெளியில் 6 டெசிபெல் போய்விடுகிறது. ஹேண்டில்பார் ஸ்பீக்கர் காதிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது, இடையில் ஹெல்மெட் வேறு மறைக்கிறது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கரோ காதை ஒட்டியே இருக்கிறது. மிகச் சிறிய பேட்டரியில் ஓடும் அந்தச் சின்னத் தட்டு, பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் இழுத்த ஜோடியை நெடுஞ்சாலையில் வெல்வதற்கு இந்தத் தூரம்தான் காரணம்.

எட்ஜில் வரும் ஸ்பீக்கர்கள் ஜேபிஎல் தயாரிப்பு. குரல் தெளிவாக இருக்கிறது, தாழ்ந்த ஒலியும் எதிர்பார்த்ததைவிட நன்றாக வருகிறது, ஆனால் இவை அனைத்தும் பொருத்தும் இடத்தைப் பொறுத்தவை. ஸ்பீக்கரின் நடுப்பகுதி காதுத் துளைக்கு நேராக இல்லாமல் ஒரு விரற்கடை விலகினாலும் ஒலி தகர டப்பாவிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பெட்டியோடு தரும் வெல்க்ரோ வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஸ்பீக்கர் காது மடலை உரசியும் உரசாமலும் நிற்கும் உயரத்தைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். தரமில்லை என்று பலர் குறைசொல்லும் ஹெல்மெட் ஸ்பீக்கர்களில் பாதிக்கு மேல் இப்படிச் சரியாகப் பொருத்தப்படாதவையாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

காதின் நலனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் மட்டுமே 95 டெசிபெலை எட்டக்கூடும். 85 டெசிபெலை எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது தொழிலிடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் அளவு. அதன்படி 94 டெசிபெலுக்கு ஒரு மணி நேரமும் 100 டெசிபெலுக்குக் கால் மணி நேரமும்தான். இந்த இரைச்சலுக்கு மேல் பாட்டையும் ஏற்றிக் கேட்பது செவித்திறனுக்கு நிச்சயமாகக் கேடு. நீண்ட பயணங்களில் மெத்தென்ற நுரைக் காதடைப்பான்களை அணிந்துகொண்டு, அதன் மேல் ஹெல்மெட் ஸ்பீக்கரைக் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் அடங்கி, பாட்டு தெளிவாகவே கேட்கும். ஹாரன் ஒலியும் கேட்கும்.

நகருக்குள் மட்டுமே ஓட்டுகிறவர் ஹேண்டில்பார் செட்தான் வேண்டும் என்று முடிவுசெய்தால், ஒலியைவிட வயரிங்கைத்தான் கவனிக்க வேண்டும். ஹாரன் வயரிலிருந்து இணைப்பு எடுத்துக் கொடுக்கும் பழக்கம் மெக்கானிக்குகள் பலரிடம் இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ், இக்னிஷன் சாவியோடு இயங்கும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), இவ்விரண்டும் இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டாம். காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் ஒரு வடகிழக்குப் பருவமழைக்குத் தாங்காது. பாலிபுரோப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். நீர் புகாத்தன்மையைக் காட்டும் ஐபிஎக்ஸ்7 என்ற முத்திரை ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்திய சோதனையைக் குறிக்கிறது; பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்குமா என்பதற்கு ஐபிஎக்ஸ்5 அல்லது 6 தனியாக வேண்டும். சர்வீஸ் நிலையத்தில் வாட்டர் வாஷுக்கு விடும் வண்டிக்கு இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம். கூடவே, குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி அளவு 45 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதையும் மறந்துவிடக் கூடாது. நாம் ரசிக்கும் பாட்டை உறங்கும் தெரு கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹோண்டா கோல்ட் விங் போல அகன்ற ஃபேரிங்கும் (முன்புறக் கவசம்) உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் உள்ள வண்டிகளின் கதை வேறு. அங்கே ஸ்பீக்கர்கள் காற்று மறைவில், ஓட்டுநரை நோக்கி அமைந்திருக்கின்றன. வேகத்துக்கு ஏற்ப ஒலி தானாகக் கூடிக் குறையும் வசதியும் உண்டு. நம் சாலைகளில் பெரும்பாலோர் ஓட்டும் திறந்த வண்டிகளுக்கு, விலை பல மடங்கு கூடுதலாக இருந்தாலும், ஹெல்மெட் ஸ்பீக்கரையே பரிந்துரைக்கிறேன். வாங்குமுன் உங்கள் ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சைக் கழற்றி, காதருகே ஸ்பீக்கருக்கான குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழி இல்லையென்று உள்ளிருக்கும் தெர்மாகோலைச் சுரண்டி இடம் செய்யாதீர்கள். விபத்தில் அடியை வாங்கிக்கொள்வது அந்தப் படலம்தான். குழி இல்லாத ஹெல்மெட் வைத்திருப்பவர் முதலில் ஸ்பீக்கர் குழியுள்ள, ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ஹெல்மெட் ஒன்றை வாங்கிவிட்டு, அதன் பிறகு ஸ்பீக்கரைத் தேடலாம்.