சிறு காணிக்கு ஒரு காட்டுக் கமரா: எட்டு மாதப் பாவனைக்குப் பின்

யாழ்ப்பாணத்தின் கொண்டாவிலில் வசிக்கும் எங்கள் குடும்பத்துக்கு வன்னிக் காட்டோரத்தில் உள்ள முத்தையன்கட்டில் 32 பரப்புக் காணி உண்டு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் அது 2 ஏக்கர். கொண்டாவிலின் செம்மண்ணில் அவ்வளவு வைத்திருப்பவரைப் பெரிய தோட்டக்காரர் என்று சொல்வோம். காட்டோரத்தில் அதே 32 பரப்பு, புள்ளிமான் கூட்டம் ஒன்று ஓர் இரவில் மேய்ந்து கடந்துபோகும் ஒரு மூலை மட்டுமே. கடந்த இரண்டு காலபோகங்களிலும், அதாவது மாரிமழைப் பயிர்க்காலங்களிலும், கௌபியின் தளிர்களை மான்கள் நுனி நுனியாகக் கடித்துவிட்டன. கச்சான் பாத்திகளைப் பன்றிகள் உழுதுபோட்டன. விலங்கு தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கலாம் என்று அயலில் சிலர் சொன்னார்கள். புள்ளிமானைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்பதோடு, கட்டுத்துவக்கு மானுக்கும் மாட்டுக்கும் விறகு பொறுக்கப் போகும் மனிதருக்கும் வேறுபாடு காட்டாத கொடிய பொறி என்பதால் அந்தப் பேச்சை நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். அதன் பிறகு வாங்கியதுதான், விலங்கு முன்னால் வந்தால் தானாகவே படம் எடுக்கும் இந்தக் காட்டுக் கமரா.

கமராவின் தரத்தைச் சொல்லும் முன், அதை எந்த அளவுகோலால் அளக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் மனைவியின் தம்பி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கிறார். அங்கே உரிமம் பெற்று, அனுமதிக்கப்பட்ட பருவத்தில், நண்பர் ஒருவரின் 20 ஏக்கர் காணியில் வில்லால் வெள்ளைவால் மான் வேட்டையாடுபவர். அந்த மான் இனம் சில நூறு ஏக்கர் பரப்பில் உலவுவது. ஆகவே 20 ஏக்கர் வைத்திருப்பவர் மானுக்கு உரிமையாளர் அல்லர், அது வந்துபோகும் வழியில் ஒரு தரிப்பிடத்தை வைத்திருப்பவர் மட்டுமே. இதை ஏற்றுக்கொண்ட பிறகே சிறு காணியின் வேட்டை முறை தொடங்குகிறது என்பார் அவர். காணியின் ஒரு பகுதியில் ஆண்டு முழுவதும் கால் வைக்காமல் விடுவது, தன் மணத்தை மான் பக்கம் கொண்டுபோகும் காற்று வீசும் நாளில் பரணுக்கே போகாமல் வீட்டில் இருப்பது, மான் படுக்கும் பற்றைக்கும் மேயும் இடத்துக்கும் நடுவே குறுக்கிடாமல் எல்லையோரமாக நடந்து போய்த் திரும்புவது, ஒரே பரணில் அடுத்தடுத்த நாட்கள் இருக்காமல் இருப்பது ஆகியவை அவருடைய ஒழுங்குகள். பெரிய காட்டில் ஒரு பிழை விட்டால் மான் வேறொரு மூலைக்குப் போகும், அதைத் தேடிப் போகலாம். சிறு காணியில் அது அயல் காணிக்குப் போய்விடும், அத்துடன் அந்தப் பருவமே முடிந்தது. தொலைபேசியில் அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அத்தான், காணிக்குள்ள ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்காதேங்கோ. நீங்கள் போற ஒவ்வொரு தரமும் மானுக்கு ஒரு செய்தி சொல்லிப்போட்டு வாறீங்கள்."

ஆகவே ஒரு காட்டுக் கமரா என்னை எத்தனை நாள் காணிக்கு வெளியே வைத்திருந்தது, அந்த நாட்களில் எனக்கு எவ்வளவு அறிவித்தது என்பதே என் அளவுகோல். பெட்டியில் அச்சிட்ட மெகாபிக்சல் கணக்கை நான் பொருட்படுத்தவில்லை.

யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு மின்னணுப் பொருட் கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். விலை 20,000 ரூபாவுக்குச் சற்று மேல். எட்டு ஏஏ பற்றரிகள், 32 ஜிபி மெமரி காட், உடல் வெப்பத்தை உணரும் உணரி, இருளில் படம் எடுக்க அகச்சிவப்பு விளக்குகள் ஆகியவை கொண்ட கைப்பிடி அளவுப் பெட்டி அது. அகச்சிவப்பில் இரண்டு வகை விற்பனையில் உண்டு. 850 நானோமீற்றர் விளக்கு தொலைவுக்கு வீசும், ஆனால் எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளியாகத் தெரியும். 940 நானோமீற்றர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் வீச்சுக் குறைவு. திருட்டுப் பயமும் இருந்ததால் இரண்டாவதை எடுத்தேன். 20 மீற்றர் தெரியும் என்று பெட்டி சொல்கிறது. என் காணியில் 12 மீற்றருக்கு அப்பால் நின்ற விலங்கு இரண்டு கண்ணொளிகளாக மட்டுமே விழுந்தது. ஒடுங்கிய தடத்துக்கு அது போதும்; திறந்த வயலுக்குப் போதாது.

பூட்டிய இடம் முதலில் பிழையாகிவிட்டது. பயிர் அழிந்த பாத்தியை நோக்கி, காணியின் நடுவே வேலிக் கதியால் ஒன்றில் கட்டினேன். மூன்று வாரத்தில் 1,900 படங்கள் சேர்ந்தன. பெரும்பாலானவை காற்றில் ஆடிய இலுக்குப் புல்லும் வெயிலில் சூடேறிய இலைகளுமே. மைத்துனரிடம் அனுப்பிக் காட்டியபோது, மேயும் இடத்தைப் பார்க்காமல் நுழையும் இடத்தைப் பார்க்கச் சொன்னார். வடகிழக்கு எல்லையில் ஒரு பாலை மரத்துக்கும் வீரைப் பற்றைக்கும் நடுவே குளம்படிகள் நெருங்கிக் கிடந்த ஓர் இடைவெளி இருந்தது. கமராவைப் பாலையில் இடுப்பளவு உயரத்தில், காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே விழாதபடி வடக்கு நோக்கி, தடத்துக்குக் குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கட்டி, முன்னால் நின்ற புல்லை வெட்டினேன். குறுக்கே ஓடும் விலங்கு படச் சட்டத்தைக் கடந்த பிறகே படம் விழும். சாய்வாக வைத்தால் அது சட்டத்துக்குள் சில வினாடிகள் கூடுதலாக நிற்கும். அடுத்த மூன்று வாரங்களில் 140 படங்கள்தான் விழுந்தன, அவற்றில் 90க்கு மேற்பட்டவற்றில் விலங்கு இருந்தது.

இந்தக் கமராவில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு படத்தின் அடியிலும் நேரம், வெப்பநிலை, நிலவின் பிறை ஆகியவற்றை அச்சிட்டுத் தருவது. காற்றை மட்டும் அது எழுதுவதில்லை. அதைக் காணியில் தங்கியிருக்கும் எங்கள் உறவினர் ஒரு கொப்பியில் இரவுதோறும் குறித்தார்: சோளகம், கொண்டல், வாடை, காற்றில்லை. கொண்டாவிலில் மேசையில் இருந்து படங்களையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்த அன்று விடை தெளிவாகத் தெரிந்தது. எங்கள் காவற்கொட்டில் காணியின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கொட்டிலின் புகையும் ஆள் மணமும் வடகிழக்கு இடைவெளியை நோக்கிப் போயின. அந்த இரவுகளில் மான்கள் அரிதாகவே வந்தன. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றுத் தொடங்கியதும் மணம் மறுபக்கம் போய்விட்டது. காலபோகப் பயிர் தளிர்த்து நிற்கும் காலமும் அதுதான். இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் பதினொரு மான்கள் கொண்ட ஒரு கூட்டம் வரிசையாக உள்ளே நுழைந்திருந்தது. எட்டு ஆண்டுகளாக நாங்கள் கொட்டில் போட்டுக் காவல் இருந்தது, காவல் வேண்டிய காலத்தில் பயன்படாத மூலையில்.

இதன்பின் மைத்துனரின் முறைகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கினேன். அவர் மான் தயங்காமல் வரப் பற்றையை எல்லைவரை வளரவிடுவார். நான் இடைவெளியின் முன்னால் எங்கள் எல்லைக்குள் பத்து மீற்றர் அகலத்துக்குப் பற்றையை வெட்டித் திறந்த நிலமாக்கினேன். அவர் தன் மணம் மானுக்குப் போகாமல் பரண் அமைப்பார். நான் வாடைக் காலத்துக்கென்று வடகிழக்கு எல்லையிலேயே ஒரு சிறு கொட்டில் போட்டு, மணம் எதிர்ப்பக்கம் போனாலும் ஆளரவமும் தீவெளிச்சமும் வாசலிலேயே இருக்கும்படி செய்தேன். 2 ஏக்கர் சதுரக் காணியின் சுற்றளவு ஏறக்குறைய 360 மீற்றர். முழுவதையும் அடைக்க எனக்கு வசதியில்லை. கமரா காட்டிய வடக்கு, கிழக்குப் பக்கங்களில் மட்டும் 180 மீற்றருக்கு வலை வேலி போட்டோம். கௌபிப் பாத்திகள் பழைய கொட்டிலுக்கு அருகே மாறின. இந்தப் போகத்தில் கௌபியை முழுதாகப் பறித்தோம்.

அவருடைய அறிவுரைகளில் இங்கே பொருந்தாதவையும் உண்டு. வெள்ளைவால் மானுக்கு நவம்பரை ஒட்டி ஓர் இணைசேரும் பருவம் உண்டு. அப்போது கிடாக்கள் நிதானமிழந்து பகலிலும் அலையும், அவர் அதை வைத்தே விடுப்பு எடுப்பார். நம் புள்ளிமான் கூட்டமாக வாழ்வது. ஆண்டு முழுவதும் இணைசேரக்கூடியது. ஒரே படத்தில் முற்றிய கொம்புடைய கிடாவும் தோல் மூடிய இளங்கொம்புடைய கிடாவும் அடுத்தடுத்து நிற்கக் கண்டேன். நாட்காட்டியை வைத்து எதிர்பார்க்க முடியாது. காற்றையும் தளிரையும் வைத்தே எதிர்பார்க்க வேண்டும்.

இனிக் குறைகள். மிகப் பெரியது வெப்பம். இந்த உணரி விலங்கின் உடல் வெப்பத்துக்கும் சூழலின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு வேலை செய்வது. நண்பகலில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டும்போது அந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது. மாடுகள் கமராவின் முன்னாலேயே நடந்த குளம்படி கிடந்த நாட்களிலும் ஒரு படம்கூட விழவில்லை. குளிர்நாட்டில் தெரியவராத இந்தக் குறை, வன்னியில் பகல் விலங்குகளைக் கணக்கெடுக்க விரும்புபவருக்குப் பெரும் இடையூறு. அடுத்தது பற்றரி. மீள்மின்னேற்றும் பற்றரிகள் 1.2 வோல்ற் மட்டுமே தருவதால் இரவுப் படங்கள் இருண்டு போயின; 1.5 வோல்ற் அல்கலைன் போட்ட பின் தெளிந்தன, ஆனால் ஏழு வாரத்துக்கு ஒரு முறை எட்டுப் பற்றரி வாங்கும் செலவு சேர்கிறது. பற்றரி மாற்றும்போது திகதி பின்னோக்கிப் போய்விடுவதைக் கவனிக்காமல் ஒரு மாதப் பதிவுகளை இழந்தேன். கொப்பியோடு ஒப்பிட முடியாத படம் எனக்கு வெறும் படம்தான், அந்த இழப்பு இன்றும் மனதை உறுத்துகிறது. மூடியின் இறப்பர் விளிம்பு மாரி மழையைத் தாங்கியது, எறும்பைத் தாங்கவில்லை. சிற்றெறும்புகள் உள்ளே முட்டையிட்டிருந்தன. விளிம்பைச் சுற்றி மெல்லிய கிறீஸ் பூசிய பின் அவை வரவில்லை.

மைத்துனர் பாவிக்கும் கமரா படத்தை நேரே தொலைபேசிக்கு அனுப்பும். அங்கிருந்து அப்படியொன்றைக் கொண்டுவர நினைப்பவர்கள், அவற்றில் பல அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களின் சிம் அட்டைக்கென்றே பூட்டப்பட்டவை என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். நான் காட் மாற்ற மூன்று வாரத்துக்கு ஒரு முறை, முற்பகல் பத்து மணிக்குப் பின், எல்லையோரமாகவே நடந்து போய் வருகிறேன்.

கொண்டாவில் வீட்டு வளவில் கோழி பிடிக்கும் மரநாயைக் கண்டுபிடிக்க மட்டும் இதை வாங்குவது பணவிரயம். அதற்கு மலிவான வீட்டுக் கமரா போதும். காட்டோரத்தில் சில ஏக்கர் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குத் தயங்காமல் சொல்வேன், வாங்கலாம். நான் இன்னும் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வேலி போட்ட பிறகு அந்தப் பதினொரு மான்களும் மேற்கே உள்ள தரிசுக் காணிப் பக்கம் திரும்பியிருப்பதாக உறவினர் சொல்கிறார். அடுத்த வாடைக்கு முன் அந்த எல்லையிலும் ஒன்று கட்ட வேண்டும்.