போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனில் துப்புரவு: எந்தப் பிழைக்கு எது கைகொடுக்கும்?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வருக்கு சி மொழியில் எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்கள் துப்புரவு (பிழை வந்தால் பிடித்து வைத்தவற்றை விடுவிப்பது) என்றதும், பிழையைப் பிடிக்கும் மேக்ரோக்களான பிஜி_டிரை, பிஜி_கேட்ச் பக்கம்தான் போகிறார்கள். பாதி நேரம் அது தேவையே இல்லை. தேவைப்படும் இடத்தில் அது மட்டும் போதாது.

முதலில் எதுவும் எழுதாமல் விடுவதைப் பார்ப்போம். பலாக் (சர்வரின் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) வழியாக எடுத்த மெமரி, பஃபர் பின் (டேட்டா பக்கத்தை மெமரியில் பிடித்து வைப்பது), எல்டபிள்யூலாக் (ஷேர்ட் மெமரிக்கான இலகுவான பூட்டு), டேபிள் பூட்டு எல்லாவற்றையும் டிரான்ஸாக்‌ஷன் கலையும்போது சர்வரே விடுவித்துவிடும். எரர் (நடப்பு வேலையை மட்டும் கலைக்கும் பிழை), ஃபேட்டல் (செஷனையே முடிக்கும் பிழை) இரண்டிலும் இது நடக்கும். ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும் மிகச் சிறு பூட்டு) மட்டும் விதிவிலக்கு: அதைப் பிடித்திருக்கும்போது எரர் கிளப்பினால் விடுவிக்க ஆளில்லை, அதற்காகக் காத்திருக்கும் இன்னொரு பிராசஸ் கடைசியில் பேனிக்கில் (சர்வர் முழுவதையும் நிலைகுலைக்கும் பிழை) விழும். சி மொழியின் சொந்த மலாக்கில் எடுத்த மெமரியும் சர்வர் கணக்கில் வராது.

பிஜி_டிரை பொருந்துவது இப்படிப்பட்டவற்றுக்கு: வெளி நூலகம் தந்த ஹேண்டில், தற்காலிகமாக மாற்றிய குளோபல் மாறி. 13-ஆம் பதிப்பிலிருந்து பிஜி_ஃபைனலியும் (பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் பகுதி) உண்டு. கவனிக்க மூன்று: டிரை பகுதிக்குள் மாற்றி கேட்ச்சில் படிக்கும் லோக்கல் மாறி வோலட்டைலாக (மதிப்பை ரெஜிஸ்டரில் வைக்காமல் மெமரியிலிருந்தே படிக்கும்படி) இருக்க வேண்டும். உள்ளிருந்து ரிட்டர்ன் போட்டு வெளியேறக் கூடாது. போட்டால் பிழைக் குவியலின் சுட்டி, முடிந்துபோன ஃபங்ஷனின் ஸ்டாக்கையே காட்டிக்கொண்டிருக்கும், அடுத்த எரர் அங்கே தாவும். பிழையை மேலே எறியாமல் விழுங்க நினைத்தால் உள் சப்டிரான்ஸாக்‌ஷன் திறந்து அதைக் கலைத்தாக வேண்டும்; போஸ்ட்கிரெஸின் நிரல் மொழியான பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்லின் எக்ஸெப்ஷன் பிளாக் செய்வது அதைத்தான்.

ஃபேட்டல் வந்தால் இந்தக் கேட்ச் ஓடவே ஓடாது. எரர் லாங்ஜம்ப் வழியாக கேட்ச் இருக்கும் இடத்துக்குத் தாவுகிறது. ஃபேட்டலோ நேரே பிராசஸை முடிக்கும் வழியில் இறங்குகிறது. ஃபைனலி என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம், அதுவும் அப்படியே. தன் மெமரி மட்டும் என்றால் பிராசஸோடு போய்விடும். எல்லா பிராசஸும் பகிரும் ஷேர்ட் மெமரியில் 'நான் வேலையில் இருக்கிறேன்' என்று குறித்து வைத்திருந்தால், அந்தக் குறி அங்கேயே தங்கிவிடும்.

அதற்காகவே பிஜி_என்ஷுர்_எரர்_கிளீனப் என்ற மேக்ரோ. ஒரே கால்பேக்கை இரண்டு இடத்தில் மாட்டுகிறது: எரருக்கு டிரை, ஃபேட்டலுக்கு பிஃபோர்_ஷ்மெம்_எக்ஸிட் பட்டியல் (பிராசஸ் முடியும்போது அழைக்கப்படுபவை). பிட்ரீ இன்டெக்ஸைத் துப்புரவாக்கும் வேக்கமும் கிரியேட் டேட்டாபேஸும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. விலையும் உண்டு. பட்டியலில் 20 இடங்கள்தான். கழற்றும்போது கடைசியாகச் சேர்த்ததையே கழற்ற முடியும். நடுவில் வேறொரு கால்பேக் நிரந்தரமாகப் பதிவானால் வரிசை குலையும். வேலை டிரான்ஸாக்‌ஷன் முடிவோடு மட்டும் சம்பந்தப்பட்டது என்றால் ரெஜிஸ்டர்எக்ஸாக்ட்கால்பேக்கே மேல். எரர், ஃபேட்டல் இரண்டிலும் அபார்ட் (கலைப்பு) அழைப்பு வரும்.

பேனிக்குக்கு எந்தத் துப்புரவும் கிடையாது. தலைமைப் பிராசஸான போஸ்ட்மாஸ்டர் மற்ற எல்லா பேக்கெண்டையும் (இணைப்புகளைக் கவனிக்கும் பிராசஸ்கள்) நிறுத்தி, ஷேர்ட் மெமரியைப் புதிதாக அமைத்து, வால் (WAL, மாற்றங்களை முன்கூட்டியே எழுதும்) பதிவிலிருந்து மீட்கும். கிரிட்டிகல் செக்‌ஷனுக்குள் (பாதியில் நிறுத்தக் கூடாத பகுதி) வரும் சாதாரண எரரும் பேனிக்காக உயர்த்தப்படும். ஆகவே மெமரி ஒதுக்குவது போன்ற தோற்கக்கூடிய வேலைகளை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

சோதிக்கும்போது கண்ட்ரோல்-சி அழுத்திப் பார்த்து நிறுத்திக்கொண்டால் எரர் மட்டுமே சோதிக்கப்படுகிறது. இன்னொரு செஷனிலிருந்து பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் விட்டு ஃபேட்டலை வரவழைத்து, பிறகு ஷேர்ட் மெமரிக் குறி அழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.